சுவர் நீலமா, ஊதாவா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

டச்சு ஓவியர் வான்காவின் ‘படுக்கையறை’ ஓவியத்துக்கு எங்களிடம் நகல் தீட்டி வாங்கிய ஒருவர், பெட்டியைப் பிரித்த மறுநாளே கடிதம் போட்டார். “சுவர் வெளிர் ஊதா என்று ஓவியரே எழுதி வைத்திருக்கிறார். நீங்கள் நீலத்தைப் பூசி அனுப்பியிருக்கிறீர்களே?” என்பது அவர் கேள்வி. அதில் நியாயம் இருக்கிறது. 1888-இல் வான்கா தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் சுவர் வெளிர் ஊதா என்றுதான் இருக்கிறது. ஆனால் நீலத்தோடு அவர் கலந்த சிவப்புச் சாயம் வெளிச்சம் பட்டுப்பட்டு வெளுத்துவிட்டது; நீலம் மட்டும் தங்கிவிட்டது. ஆம்ஸ்டர்டாமில் இன்று அந்த ஓவியத்தின் முன்னால் போய் நின்றால், தெரிவது நீலச் சுவர்.

ஆகவே, “அசல் மாதிரியே வேண்டும்” என்று நீங்கள் சொல்லும்போது, எந்த அசல் என்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும். ஓவியர் தூரிகையைக் கீழே வைத்த நாளில் இருந்ததா, இப்போது அருங்காட்சியகத்தில் இருப்பதா? இதுவரை கேட்காமல் விட்டது எங்கள் தவறு. இந்த மடலை எழுத முதல் காரணமே அதுதான்.

இது வான்காவோடு நிற்கும் சங்கதியும் அல்ல. மோனாலிசாவின் மஞ்சள் படர்ந்த மங்கலில் பெரும்பங்கு, மேலே பூசிய வார்னிஷ் பழுத்ததால் வந்தது. லியோனார்டோவின் பட்டறையிலேயே தீட்டப்பட்ட நகல் ஒன்று மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைச் சுத்தம் செய்து 2012-இல் காட்டியபோது, கறுப்புப் பூச்சுக்கு அடியிலிருந்து மலைகளும் நீரும் பளிச்சென்று வெளியே வந்தன. அந்த நிறங்களில் மோனாலிசாவைத் தீட்டிக் கொடுத்தால், பத்தில் ஒன்பது பேர் “இது மோனாலிசாவே இல்லை” என்று திருப்பி அனுப்புவார்கள் என்பது எங்கள் ஊகம். அதனால் நீங்கள் வேறு சொல்லாதவரை, இன்றைய நிலையையே பின்பற்றுவோம். அதற்குத்தான் கண்ணால் கண்ட சாட்சி உண்டு. கைபேசித் திரையில் பார்த்த நிறத்தோடு மட்டும் தயவுசெய்து ஒப்பிடாதீர்கள். திரை தானே ஒளிர்வது. கேன்வாஸ் உங்கள் அறையின் வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தருவது.

அடுத்தது அளவு. வான்காவின் ‘நட்சத்திர இரவு’ ஆறு அடி அகலத்தில் வேண்டும் என்று கேட்கிறார்கள். அசல் 74 சென்டிமீட்டர் உயரம், 92 சென்டிமீட்டர் அகலம். அதன் வானத்துச் சுழல்கள் மணிக்கட்டின் வீச்சில் பிறந்தவை. இரு மடங்காக்கினால் முழங்கையை வீச வேண்டும். கோட்டின் வேகம் போய், பெயின்ட் அடித்த தோற்றம் வந்துவிடும். செய்ய முடியாது என்பதில்லை, செய்தால் நமக்கே பிடிக்காது. அசலின் அளவையோ, அதைவிடச் சற்றுச் சிறியதையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சுவருக்கு ஏற்றபடி ஓரத்தை வெட்டித் தரச் சொல்வோரும் உண்டு. ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ ஓவியத்துக்கு 1715-இல் அதுதான் நேர்ந்தது. ஆம்ஸ்டர்டாம் நகர மண்டபத்தில் இடம் போதவில்லை என்று நான்கு பக்கமும் கத்தரித்தார்கள். வெட்டிய துண்டுகள் போன இடம் தெரியவில்லை. அங்கே என்ன இருந்தது என்று இன்று நமக்குத் தெரிகிறதென்றால், அதற்கு முன்பே லுண்டென்ஸ் என்ற ஓவியர் சிறிய அளவில் ஒரு நகல் எடுத்து வைத்திருந்ததால்தான். நகல் தொழில் செய்கிறவர்களுக்கு இதைச் சொல்வதில் கொஞ்சம் பெருமை உண்டு; பொறுத்துக்கொள்ளுங்கள். வெட்டுவதில்லை என்பதே எங்கள் பதில்.

தாமதம் பற்றி. எண்ணெய் வண்ணம் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுத்தான் இறுகுகிறது. ஒரு பூச்சு கையில் ஒட்டாத நிலைக்கு வரவே சில நாட்கள் பிடிக்கும். முழுதாக இறுகக் கனத்தைப் பொறுத்து ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். கடைசி வார்னிஷ் அதற்குப் பிறகுதான். அதனால்தான் புதிய படம் இங்கே பளபளப்பாகவும் அங்கே மங்கலாகவும் இருக்கிறது. அவசரப்பட்டுக் கடையில் வாங்கிய வார்னிஷை நீங்களே பூசிவிடாதீர்கள். இருட்டு அலமாரியிலும் வைக்க வேண்டாம், வெளிச்சம் இல்லாத இடத்தில் இந்த எண்ணெய் மஞ்சளிக்கும். நேர் வெயிலும் ஆகாது. தூசிக்கு மென்மையான உலர்ந்த தூரிகை போதும். ஈரத்துணி கூடவே கூடாது.

வேறிடத்தில் வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறோம். அச்சிட்ட கேன்வாஸின் மேல் நிறமற்ற பசையைத் தூரிகையால் இழுத்து, கையால் தீட்டியது என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். படத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். மேடுகள் நிறங்களோடு சேர்ந்து ஓடாமல் தம்போக்கில் போனால் அது அச்சு. உருப்பெருக்கிக் கண்ணாடியில் நுண்புள்ளிகளும் தெரியும்.

ஓவியரின் கையொப்பத்தை நாங்கள் போடுவதில்லை. பின்பக்கத்தில் நகல் என்று எழுதியே அனுப்புகிறோம். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் அனுமதி பெற்று நகல் எடுப்பவர்களுக்கும் கையொப்பம் கூடாது என்பதே விதி. ஸ்பானிய ஓவியர் டாலியின் உருகும் கடிகாரங்களை நிறையப் பேர் கேட்கிறீர்கள். அவர் 1989-இல் தான் காலமானார், பதிப்புரிமை இன்னும் முடியவில்லை. மன்னிக்கவும்.

முதலில் சொன்ன வாடிக்கையாளருக்குக் கட்டணமின்றி மறுபடியும் தீட்டிக்கொண்டிருக்கிறோம். இம்முறை சுவர் ஊதா. கடிதத்தில் கதவுகளையும் வெளிர் ஊதாவாகவே வான்கா குறித்திருப்பதால், அவையும் மாறுகின்றன. வெளிச்சத்தைத் தாங்கும் குவினாக்ரிடோன் என்ற செயற்கைச் சிவப்பைச் சேர்த்திருக்கிறோம். வான்கா காலத்தில் அது இல்லை. இன்னும் மூன்று ‘படுக்கையறை’கள் கோட்டோவிய நிலையில் காத்திருக்கின்றன. அவற்றைக் கேட்ட மூவரும் நீலமா ஊதாவா என்று இந்த வாரத்துக்குள் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். திங்கட்கிழமை சுவரைத் தொடங்குகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் ஓவியக்கூடத்தார்