குசினியைக் கிச்சனாக்க வேண்டாம்

ஏற்காட்டில் பழைய தோட்டத்து பங்களாக்களை விடுதியாக நடத்தும் அன்பர்களுக்கு,

வணக்கம். ஓடு மாற்றினாலும் கதவுக்கு வார்னிஷ் அடித்தாலும் பழமை கெடாமல் பார்த்துக்கொள்கிறீர்கள். அதே அக்கறையை ஒரு சொல்லுக்கும் காட்டுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

புகையும் தீயும் வீட்டை அண்டாதபடி பங்களாவுக்குப் பின்னால் தனியே கட்டிய சமையல்கட்டுக்குப் பழைய தோட்டத்து ஆட்கள் சொல்லும் பெயர் குசினி. அங்கே சமைப்பவர் குசினிக்காரர். கரி ஏறிய சுவர், உயர்ந்த புகைபோக்கி, மழையில் சாப்பாடு நனையாமல் எடுத்துவர ஓடு வேய்ந்த நடைவழி, எல்லாம் சேர்ந்ததுதான் குசினி. அதன் கதவில்தான் இப்போது ‘கிச்சன்’ என்று பலகை தொங்குகிறது.

குசினி போர்த்துக்கீசியர் தந்த சொல். அவர்கள் மொழியில் ‘கொசின்யா’. அதற்கு மூலம் லத்தீன் ‘கொக்குவீனா’. 1498-ல் கோழிக்கோட்டில் வந்திறங்கியவர்களின் மொழியிலிருந்து சாவி, மேசை, சன்னல், அலமாரி என்று எத்தனையோ சொற்கள் நம் வீட்டுக்குள் நிலைத்துவிட்டன. குசினி மட்டும் இந்தப் பக்கம் அருகிப் போனது. புதுச்சேரியில் இதைப் பிரெஞ்சுச் சொல் என்பார்கள். அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கும் வேர் அதே லத்தீன்தான். அவ்வளவு ஏன், ஆங்கிலக் கிச்சனும் அங்கிருந்து வந்ததே! இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அந்நியச் சொல் வேண்டாம் என்று குசினியைத் தள்ளிவிட்டுக் கிச்சனைக் கூப்பிடுவது என்ன நியாயம்? சமையலறை என்று எழுதினால்கூட எனக்கு வருத்தமில்லை.

சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது 1820-களில், காக்பர்ன் சேலம் கலெக்டராக இருந்தபோது. துரை பேசியது ஆங்கிலம். சமையல் ஆட்களின் வாயில் இருந்ததோ கடற்கரை ஊர்களில் முன்பே புழங்கிய குசினி. அவர்களோடுதான் இந்தச் சொல் மலையேறியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இலங்கையில் இது இன்றைக்கும் அன்றாடச் சொல். சிங்களத்தில்கூட ‘குஸ்ஸிய’ என்பார்கள். நம் மாவட்டத்து இலங்கைத் தமிழர் முகாம்களில் வயதானவர்களிடம் பேசிப் பாருங்கள், அடுப்படியைக் குசினி என்றே சொல்வார்கள்.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை பலகை எழுதும்போது ‘குசினி’ என்று தமிழில் எழுதுங்கள். விருந்தினருக்கு இடத்தைச் சுற்றிக் காட்டும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிக்கொடுங்கள். அப்புறம், உங்கள் தோட்டத்தில் பழைய குசினிக்காரர் யாராவது இருந்தால், அவர் பாத்திரத்துக்கும் அடுப்புக்கும் சொல்லும் பெயர்களைப் போனிலாவது பதிவு செய்துவையுங்கள்.

அன்புடன்,
சேலத்து வாசகர் ஒருவர்