விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்துக்கு: அந்த டைமண்டை மறுபடி அச்சிடுங்கள்

வணக்கம்.

உங்கள் மேஜிக்: த கேதரிங் கார்டு ஆட்டத்தில், பழைய கார்டுகளும் செல்லும் லெகசி போட்டி வகையில், பல வருடமாக டிரெட்ஜ் டெக் மட்டுமே ஆடுகிறவன் எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான்: லயன்ஸ் ஐ டைமண்ட் என்ற கார்டை மறுபடி அச்சிடுங்கள். 2005இல் ராவ்னிகா தொகுப்பில் நீங்கள் கொடுத்த டிரெட்ஜ், பெயருக்கேற்ற தூர்வாரும் வேலைதான். கார்டு எடுக்க வேண்டிய இடத்தில், லைப்ரரியின் (இன்னும் எடுக்காத கட்டின்) மேலிருந்து சில கார்டுகளைக் கிரேவ்யார்டில் (கழிந்த கார்டுகளின் குவியலில்) கொட்டிவிட்டு, அங்கே கிடக்கும் டிரெட்ஜ் கார்டைக் கைக்கு எடுத்துக்கொள்ளலாம். கோல்காரி கிரேவ்-ட்ரோல் என்ற கார்டு 6 கார்டு வாரும், ஸ்டிங்க்வீட் இம்ப் 5. விழுகிற குவியலில் நார்கோமீபா என்ற உயிரினம் இருந்தால் மனா (கார்டு ஆட ஆகும் செலவு) இல்லாமலே களத்துக்கு வந்துவிடும். களத்திலுள்ள மூன்று உயிரினங்களைப் பலி கொடுத்தால் டிரெட் ரிட்டர்ன், கிரேவ்யார்டில் கிடக்கும் ஓர் உயிரினத்தைக் களத்துக்குக் கொண்டுவரும். அப்புறம் எதிராளி பாடு.

இதில் இரண்டு வகை டெக் உண்டு. ஒன்றில் லயன்ஸ் ஐ டைமண்ட் இருக்கும், மனாலெஸ் என்கிற இன்னொன்றில் மனா தரும் லேண்ட் ஒன்றுகூட இருக்காது.

டைமண்ட் வகையின் நல்ல கை ஒன்றைச் சொல்கிறேன்: ஒரு லேண்ட், டைமண்ட், ஃபெய்த்லெஸ் லூட்டிங், ட்ரோல், இம்ப். டைமண்டை இறக்கி, லேண்டைத் தட்டி லூட்டிங் (இரண்டு கார்டு டிரா செய்து இரண்டைக் கழிக்கச் சொல்லும் கார்டு) போடுகிறேன். அது நிறைவேறுவதற்குள் டைமண்டை உடைக்கிறேன். கை முழுக்கக் கிரேவ்யார்டுக்குப் போகிறது, மூன்று சிவப்பு மனா வருகிறது. லூட்டிங்கின் இரண்டு டிராவும் தூர்வாரலாக மாறி 11 கார்டு விழும். திரும்பி வந்த ட்ரோலையும் இம்ப்பையும் அதே லூட்டிங் கீழே போடச் சொல்லும். அந்த மூன்று மனாவில் லூட்டிங்கின் ஃபிளாஷ்பேக் (கிரேவ்யார்டிலிருந்தே மறுபடி ஆடுவது), இன்னொரு 11. முதல் டர்னிலேயே 22 கார்டு! ஆனால் லூட்டிங்கை எதிராளியின் ஃபோர்ஸ் ஆஃப் வில் என்ற கவுன்டர் (தடுப்புக் கார்டு) தடுத்துவிட்டால் கையும் காலி, டைமண்டும் காலி, மிச்சம் அந்த ஃபிளாஷ்பேக் மட்டும்தான்.

மனாலெஸ் வகையில் இந்தப் பதற்றமே இல்லை. இரண்டாவதாக ஆடுவேன். டிரா செய்ததும் கையில் எட்டு கார்டு, டர்ன் முடிவில் ஏழுக்கு மேல் வைக்கக் கூடாது என்பதால் ட்ரோலைக் கீழே போடுவேன். அதை எந்தக் கவுன்டரும் தடுக்காது. எனக்கு லேண்டே இல்லாதபோது, லேண்டை உடைக்கிற வேஸ்ட்லேண்ட் கார்டு எதை உடைக்கும்? சங்கடம் வேறு இடத்தில். விவரமான எதிராளி டைஸில் ஜெயித்தால் என்னையே முதலில் ஆடச் சொல்லிவிடுவார், ஒரு டர்ன் போச்சு. மல்லிகன் செய்து (பிடிக்காத கையை மாற்றிக்கொண்டு) ஆறு கார்டோடு தொடங்கினாலும் அதே கதி. 2018இல், மனா இல்லாமலே ஆடக்கூடிய கிடாக்சியன் புரோபைத் தடை செய்தீர்களே, அன்று இன்னும் ஒரு சுற்று இளைத்தோம். (தடை சரிதான். வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.)

கவுன்டர் மலிந்த கூட்டத்தில் மனாலெஸ், மற்ற இடங்களில் டைமண்ட் என்பது என் கணக்கு. எங்கள் கிரேவ்யார்டுக்குப் போகும் கார்டுகளை ஆட்டத்தைவிட்டே நீக்கும் லேலைன் ஆஃப் த வாய்டு முன்னால் இரண்டும் ஒன்றுபோலத்தான் சாகும். வேகத்தையும் மல்லிகனையும் சேர்த்துப் பார்த்தால் டைமண்ட் டெக்தான் மேல், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் நான் மனாலெஸ் எடுத்துப் போவதற்குக் காரணம் பணம் ஒன்றுதான்.

டைமண்ட் 1996இல் மிராஜ் தொகுப்பில் வந்தது. அதே 1996இல், குரோனிக்கிள்ஸ் மறுபதிப்பால் கொதித்த சேகரிப்பாளர்களைச் சமாதானப்படுத்த, இந்தக் கார்டுகளை மறுபடி அச்சிட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்து ரிசர்வ்டு லிஸ்ட் போட்டீர்கள். டைமண்ட் அதற்குள் போய்ச் சிக்கியது. ஒன்றுக்கே பல நூறு டாலர், டெக்குக்கு நான்கு வேண்டும். ட்ரோலையும் இம்ப்பையும் லூட்டிங்கையும் மறுபடி அச்சிட்டீர்கள், பூட்டு இதற்கு மட்டும். 2010இல் அந்தப் பூட்டை இறுக்கவும் செய்தீர்கள். ஆனால் 2022இல் அதே லிஸ்டில் உள்ள பிளாக் லோட்டஸைப் பின்பக்கம் மட்டும் வேறாக அச்சிட்டு, போட்டியில் செல்லாத நான்கு பாக்கெட்டை 999 டாலருக்கு விற்க மனம் வந்ததே!

வாக்கு வாக்குதான் என்பீர்கள். சரி, அந்த வாக்கு சேகரிப்பவருக்குக் கொடுத்தது. மிராஜ் பதிப்பின் பழைய சட்டகம் அவரிடமே இருக்கட்டும். புதிய சட்டகத்தில், வேறு ஓவியத்தோடு, போட்டியில் செல்லும்படி எங்களுக்கு ஒன்று அச்சிடுங்கள்.

அதுவரை ஒரு சாதாரண லேண்டின் மேல் பேனாவால் 'டைமண்ட்' என்று எழுதி, ஸ்லீவுக்குள் செருகி வீட்டில் பழகிக்கொண்டிருக்கிறேன். நான்கில் ஒன்றில் மை கலைந்துவிட்டது.

இப்படிக்கு,
ஒரு டிரெட்ஜ் ஆட்டக்காரன்