ஸ்டீல் கணக்கை மட்டும் வைத்துப் பையன்களை எடைபோடாதீர்கள்

நம் வட்டாரத்தின் 18 வயதுக்குட்பட்ட கூடைப்பந்துக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் பெரியவர்களுக்கு வணக்கம்.

டவுன் திடலில் ஆட்டம் நடக்கும்போது ஸ்கோர் மேசையில் உட்காருகிறவன் நான். உங்கள் தேர்வுப் பாரத்தைப் பார்த்தேன். தற்காப்புக்கு அதில் இரண்டே கட்டம்: ஸ்டீல் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது), பிளாக் (எறிந்த பந்தைத் தட்டித் தடுப்பது). வளையத்துக்குக் கீழே நிற்கும் உயரமான பையனுக்கு பிளாக் கணக்கு ஓரளவு பொருந்தும், சரி. மூன்று புள்ளிக் கோட்டருகே பந்துக்காரனை மறித்து நிற்கிற பையனை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்? தோட்டங்களிலிருந்து கப்சாய் மோட்டாரில் வந்து ஆடும் நம் பிள்ளைகளில் பலர் அந்த ரகம்தான். உயரம் இல்லை, கால் இருக்கிறது.

ஸ்டீல் பளிச்சென்று தெரியும், கைத்தட்டல் வாங்கும். ஆனால் பந்துக்குப் பாய்ந்து கோட்டைவிட்ட தடவைகளை யாரும் எழுதுவதில்லை. அப்படி ஒருவன் தாண்டப்பட்டதும் மிச்ச நான்கு பேர் ஐந்து பேரைச் சமாளிக்க வேண்டும். கடைசியில் உதவிக்கு ஓடி வந்த பையன் பெயரில் ஃபௌல் விழுகிறது. அதை எழுதுவது என் கை என்பதால் சொல்கிறேன்.

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.-வையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆலன் ஐவர்சன் 2001 முதல் 2003 வரை தொடர்ந்து மூன்று பருவம் ஸ்டீல் சராசரியில் முதலிடம். வருடாவருடம் அறிவிக்கும் சிறந்த தற்காப்பு அணிகளில் அவர் பெயர் ஒரு தடவைகூட வந்ததில்லை. சான் அந்தோனியோ அணியில் பேர் வாங்கிய புரூஸ் போவனின் ஸ்டீல் சராசரியோ ஆட்டத்துக்கு ஒன்றுக்கும் குறைவு. ஆனால் 2001 தொடங்கி 2008 வரை எட்டுப் பருவமும் அந்த அணிகளில் அவருக்கு இடம் இருந்தது. எதிரணியின் முக்கியமான ஆளை அவரிடம் ஒப்படைத்துவிடுவார்கள், அவ்வளவுதான். (தாவிச் சுடுகிறவர் காலடியில் காலை விடுகிறார் என்று அவர்மேல் புகாரும் உண்டு. அந்த வித்தை நம் பையன்களுக்கு வேண்டாம்.) அங்கேயும் கண் உயரத்தின் பக்கம்தான் போகும். 1996-ல் கேரி பேட்டன் வாங்கிய சிறந்த தற்காப்பாளர் விருது இன்னொரு கார்டு (வளையத்துக்கு வெளியே ஆடும், பெரும்பாலும் உயரம் குறைந்த) ஆட்டக்காரர் கைக்கு வர 2022 ஆகிவிட்டது, மார்கஸ் ஸ்மார்ட்.

செம்பனைத் தோட்டத்து ஜாகா, அதாவது காவலாளி, எத்தனை திருடனைப் பிடித்தார் என்றா கேட்கிறோம்? குலை காணாமல் போகிறதா என்றுதானே பார்க்கிறோம்.

ஆகவே தேர்வன்று ஒரே ஒருவராவது பந்தைப் பார்க்காமல், ஒரு பையனின் இடுப்பையும் காலையும் மட்டும் ஒரு கால்பகுதி, அதாவது பத்து நிமிடம், பாருங்கள். எதிராளி தனக்குப் பிடித்த இடத்தில் பந்தை வாங்குகிறானா, அல்லது இரண்டு அடி வெளியே தள்ளி வாங்க வேண்டியிருக்கிறதா? டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு நகர்வது) தொடங்கியதும் நம் பையன் நெஞ்சை முன்னால் கொண்டுபோகிறானா, கையை நீட்டுகிறானா? கை நீட்டுகிறவனுக்குக் கால் பிந்திவிட்டது என்று அர்த்தம். ஸ்கிரீன் (மறிக்கிறவன் வழியில் இன்னொரு எதிரணிக்காரன் தடுப்பாக நிற்பது) வரும்போது தோளை ஒடுக்கி இடுக்கில் நுழைந்து மறுபடி முன்னால் வந்து நிற்கிறானா, இடித்துக்கொண்டு நின்றுவிடுகிறானா? தூரத்திலிருந்து சுடுகிறவனை நோக்கி ஓடும்போது கடைசி இரண்டு மூன்று எட்டைச் சின்னதாக வைக்கிறானா? அதைச் செய்யாதவன் வேகத்தில் பறந்து போய்விடுவான், எதிராளி ஒரு டிரிபிளில் உள்ளே போய்விடுவான். பந்துக்காரன் வேறு வழியில்லாமல் டிரிபிளை நிறுத்தி, வந்த பக்கமே பந்தைத் திருப்பிக் கொடுத்து, வளையத்துக்கு எறிய அணிக்குக் கிடைக்கும் 24 விநாடிக் கடிகாரத்தில் பத்து விநாடி வீணானால் அது நம் பையன் சம்பாதித்தது. என் தாளில் அதற்கு ஒரு கோடுகூட விழாது.

எதிராளி மூன்று புள்ளி எறிந்து தவறினால் உடனே தற்காப்புக்கு மார்க் போட்டுவிடாதீர்கள். ஆளே பக்கத்தில் இல்லாமல் எறிந்ததும் தவறும், மூக்குமேல் கை இருந்தும் விழும். இரண்டு ஆட்டத்தில் அந்தக் கணக்கை நம்ப முடியாது. எறியவே விடாமல் செய்தானா என்பதை எண்ணுங்கள். எதிரணியின் கெட்டிக்காரன் யார், அவனை யாரிடம் விட்டார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பலவீனமான ஆளை மறித்துப் பேர் வாங்குவது பெரிய காரியமில்லை.

இன்னொன்று. ஒரு பையன் ஓரக்கோட்டுப் பக்கம் தாண்டப்பட்டால் அது அவன் தவறாக இல்லாமலும் இருக்கலாம். நடுவை அடைத்து ஓரத்துக்கு விரட்டு, அங்கே பெரியவன் காத்திருப்பான் என்று கோச்சே சொல்லியிருப்பார். மார்க் போடும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பாரத்தில் மூன்று கட்டம் சேர்த்தால் போதும்: மறித்த ஆள் யார், எத்தனை தடவை தாண்டப்பட்டான், ஸ்கிரீனில் எத்தனை தடவை சிக்கினான். எழுத ஆள் இல்லையென்றால் நானே வருகிறேன். கூட இன்னொருவர் தனியாக எழுதட்டும், இடைவேளையில் இரண்டு தாளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஸ்கோர் மேசைக்காரன்