நெல், அரிசி மண்டி வியாபாரிகள் சங்கம்: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழுவினரே, கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. வடிகால் மனு இன்னும் மனுவாகவே இருக்கிறது. கடைத்தெரு விளக்குகள் எரிகின்றன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆகவே, இந்த ஆண்டு ஜிஎஸ்டியையும் லாரி வாடகையையும்விட அதிகமாக நம்மைப் பேசவைத்த விஷயத்துக்கு நேரே வருகிறேன்: குடோன் பூனைகள்.

சம்பா அறுவடை முடிந்ததும் வயலில் தீனி தீர்ந்த எலிகள் குடோனுக்கு வருவது நமக்குப் புதிதல்ல. அவை தின்பதைவிடப் பாழாக்குவது அதிகம். கோணியைக் கடித்தால் சிப்பம் ஒழுகுகிறது. புழுக்கை கலந்தால் சரக்கு திரும்பி வருகிறது. எலி மூத்திரம் பட்ட ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கும் சுமைப்பணித் தொழிலாளிக்குக் காலில் ஒரு கீறல் இருந்தாலும் எலிக்காய்ச்சல் தொற்றலாம். விஷம் வைத்தாலோ, செத்த எலி எந்த மூட்டை அட்டிக்கு அடியில் நாறுகிறது என்று தேடவே ஒரு நாள் கூலி போய்விடும்.

இந்த நேரத்தில்தான் பழைய மீன் மார்க்கெட்டை இடித்தார்கள். அங்கே திரிந்த பூனைகளுக்குப் போக்கிடம் இல்லை. வீட்டில் வளர்க்கத் தோதான பூனைகளும் அல்ல. தட்டு வைத்தால் வரும். கை நீட்டினால் சீறும். கால்நடை மருத்துவம் படிக்கும் தலைவரின் மகள்தான் வழி சொன்னார். அமெரிக்காவில் இப்படி ஆளுக்குப் பிடிகொடுக்காத பூனைகளுக்குக் காப்பகங்களே கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பண்ணைத் தொழுவங்களுக்கும் கிடங்குகளுக்கும் தத்துக் கொடுக்கின்றனவாம். சிகாகோ நகரத்திலேயே இது பல ஆண்டுகளாக நடக்கிறது.

பூனை குறுக்கே போனால் பேரம் படியாது என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கடுமையாக எதிர்த்தார். பூனை குடோனில் இருக்கும், பேரம் கடை முகப்பில் நடக்கும் என்று சமாதானம் சொன்னோம். இன்று அவர் குடோனில்தான் இரண்டு பூனைகள் இருக்கின்றன.

சாக்கில் கட்டிக் கொண்டுவந்து குடோனில் அவிழ்த்துவிடுவது நம் பக்கத்துப் பழைய வழக்கம். மறுநாள் காலை சாக்குதான் மிச்சமிருக்கும். பூனை தன் பழைய இடத்தைத் தேடிப் புறப்பட்டு, பெரும்பாலும் நெடுஞ்சாலையில் அடிபட்டுச் சாகும். இம்முறை அப்படிச் செய்யவில்லை. பொறிக்கூண்டில் நெத்திலிக் கருவாடு வைத்துப் பிடித்தோம். அறுவை சிகிச்சை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அடையாளத்துக்காக மயக்கத்திலேயே இடக்காது நுனியைச் சிறிது கத்தரித்தார்கள். நறுக்கிய காதைப் பார்த்தால் மறுபடி பிடிக்க வேண்டாம் என்று எவருக்கும் தெரிந்துவிடும். பிறகு இரண்டிரண்டாக, ஒன்றையொன்று அறிந்த பூனைகளாகப் பார்த்து, குடோன் மூலையில் பெரிய கூண்டில் மூன்று வாரம் வைத்தோம். உள்ளே மணல் தட்டு, தண்ணீர், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி. தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஆள், ஒரே குரலில் கூப்பிட்டுத் தீனி வைக்க வேண்டும்.

வடக்குத் தெரு குடோனில் கூண்டைத் திறந்தபோது நான் இருந்தேன். செம்பட்டைப் பெட்டை ஒன்று வாசல்வரை வந்து, தரையில் சிந்திக் கிடந்த தவிட்டை முகர்ந்துவிட்டு, மறுபடி பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எடைபோடும் மேஸ்திரி மாலையில் அலுமினியத் தட்டைத் தட்டிய பிறகுதான் வெளியே வந்தது. இப்போது ஐந்தாம் வரிசை அட்டியின் உச்சி அதன் இடம். மேஸ்திரியைத் தவிர யார் ஏணி வைத்தாலும் இறங்கிப் போய்விடுகிறது.

தீனி விஷயத்தில் சில உறுப்பினர்களிடம் வருத்தம் உண்டு. பட்டினி போட்டால் எலி பிடிக்கும் என்பது தவறு. பசித்த பூனை ஊர் சுற்றப் போய்விடும். வயிறு நிறைந்த பூனை இடத்தில் தங்கி வேட்டையாடும். சைவ உறுப்பினர் ஒருவர் தயிர்சாதம் மட்டும் வைத்தார். பூனை அடுத்த தெரு மீன்கடைக்குக் குடிபோய்விட்டது. பூனைக்கு மாமிசம் இல்லாமல் முடியாது. குடோனுக்குள் மீன் வாசம் ஆகாது என்பவர்கள் பின்கட்டில் வைக்கட்டும். இல்லையேல் பூனை கேட்க வேண்டாம்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். சுண்டெலித் தொல்லை குறைந்திருக்கிறது. பெருச்சாளி குறையவில்லை. வளர்ந்த பெருச்சாளி ஒரு கிலோவரை இருக்கும். பூனை அதைப் பார்த்து வழிவிட்டு ஒதுங்குகிறது. நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு கழிவுக் கிடங்கில் 79 நாட்கள் கேமரா வைத்துப் பார்த்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், பூனைகள் கொன்றது இரண்டே எலிகளைத்தான். ஆனால் பூனை நடமாடும் நேரத்தில் எலிகள் வெளியே தலைகாட்டுவது குறைந்தது. நாம் எதிர்பார்க்க வேண்டியதும் அவ்வளவே. பெருச்சாளி வளையைக் கண்ணாடித் துண்டு கலந்த சிமென்டால் அடைப்பதும், வடிகால் வாயில் கம்பிவலை போடுவதும் பூனையின் வேலை அல்ல, நம்முடைய வேலை.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு வைக்கும் நிபந்தனைகள் கண்டிப்பானவை. பூனை உள்ள குடோனில் எலி விஷம் கூடாது; விஷம் தின்ற எலியைத் தின்றால் பூனையும் சாகலாம். பூச்சிக்கு அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை போட்டுப் படுதா மூடுவதற்கு முன் பூனைகளை வெளியேற்றி, எண்ணிப் பார்த்து, அதன்பிறகே கதவைச் சாத்த வேண்டும். அந்த மாத்திரையிலிருந்து வரும் புகை மனிதனையே கொல்லும். பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுக்கக் கூடாது, அது பூனைக்கு நஞ்சு. கருத்தடை ஆகாத பூனையை எவரும் தனியாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டாம். நான்கு மாதக் குட்டியே சினைபிடிக்கக்கூடும். சினைக்காலம் ஏறத்தாழ 9 வாரம்தான். இரண்டு பூனை இருந்த இடத்தில் பத்தாக அதிக நாள் ஆகாது.

அறுவை சிகிச்சைக்கும் தடுப்பூசிக்கும் ஆன செலவைச் சங்க நிதியிலிருந்து கொடுத்தோம். வரும் ஆண்டில் பூனை பெறும் கடைக்காரர் பாதியை ஏற்க வேண்டும் என்ற தீர்மானத்தைப் பேரவையின் முன் வைக்கிறேன்.

சங்கத்தின் பொறிக்கூண்டுகளில் ஒன்று இன்னும் திரும்பவில்லை. வைத்திருப்பவர் இந்த வாரத்துக்குள் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டால் பெயரைக் கேட்க மாட்டோம்.

அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்