சங்கத்தைச் சங்கமாகவே விடுங்கள்: விவசாய சங்கத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கு, வணக்கம்.

போன மாதக் கூட்டத்தில் நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சங்கத்தைக் கட்சியாகப் பதிவு செய்வோம், தொகுதிக்கு ஒருவரை நிறுத்துவோம், டெபாசிட் 10,000 ரூபாயை வேட்பாளரே கட்டிக்கொள்ளட்டும் என்று நீங்கள் அறிவித்தபோது கைதட்டல் அடங்க வெகுநேரமானது. எழுந்து பேச நினைத்தேன், மைக் என் பக்கம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான்: சங்கத்தைக் கட்சியாக்காதீர்கள்.

1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு பக்கத்து மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்ட கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த 1,033 பேரில் என் அப்பாவும் ஒருவர். எத்தனை மனு கொடுத்தும் நம் குறைகளை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பதால் சங்கம் எடுத்த முடிவு அது. அப்போது டெபாசிட் 250 ரூபாய். அப்பா ஒரு வெள்ளாட்டை விற்றுக் கட்டினார். வேட்பாளர்கள் குவிந்ததில் தேர்தலே ஒரு மாதம் தள்ளிப்போனது. வாக்குச்சீட்டைப் புத்தகமாகத்தான் அச்சடிக்க முடிந்தது.

அப்பாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும் தன் பெயரை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. வெளியே வரிசை நீண்டுகொண்டே போனது. கூச்சப்பட்டுக்கொண்டு, கண்ணில் பட்ட ஒரு இடத்தில் முத்திரையைக் குத்திவிட்டு வந்துவிட்டார். அம்மாவும் அப்படித்தான். எண்ணிப் பார்த்தபோது 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. அந்த 88-ல் அப்பா பெயரும் இருந்தது.

"உன் பொண்டாட்டிகூடவா போடல?" என்று டீக்கடையில் கேட்டார்கள். அப்புறம் சாகும்வரை அவர் அந்தக் கடையில் டீ குடிக்கவில்லை. சங்கத்தின் பச்சைத் துண்டை மட்டும் தோளிலிருந்து இறக்கவில்லை. தலைவர்கள் யாராவது ஒருநாள் வீட்டுக்கு வந்து, "நீங்க நின்னது வீண் போகலைங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யாரும் வரவில்லை. அந்தத் தேர்தல் நடந்த வருடமே சட்டமன்றத் தேர்தல் டெபாசிட்டை 5,000 ரூபாய் ஆக்கினார்கள். இப்போது 10,000. அடுத்த ஆட்டை யார் விற்கப்போகிறார் என்றுதான் அன்று நீங்கள் பேசும்போது நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நம் விவசாய சங்கத்தை வளர்த்த நாராயணசாமி நாயுடுவைவிடப் பெரிய கூட்டத்தை நம்மில் யார் சேர்த்துவிட்டோம்? மின்கட்டணத்துக்காக 1972-ல் கோவையை மாட்டுவண்டிகளால் அடைத்தவர் அவர். 1982-ல் கட்சி தொடங்கினார். 1984 டிசம்பரில் தேர்தல் பிரசாரத்துக்குப் போன கோவில்பட்டியிலேயே அவர் உயிர் பிரிந்தது. அவர் கட்சியால் கடைசிவரை சட்டமன்றத்தில் காலூன்ற முடியவில்லை. ஆனால் அவர் போராடிக் கேட்ட மின்சாரம், 1989-ல் வந்த திமுக ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் இலவசமாகக் கிடைத்தது. அதை வாங்கித் தந்தது மின்கட்டணப் போராட்டத்தில் பெருமாநல்லூரில் போலீஸ் குண்டடிபட்டு விழுந்தவர்களின் உயிர். வாக்குப்பெட்டி அல்ல.

பஞ்சாபைப் பாருங்கள். டெல்லி எல்லையில் ஒரு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து மூன்று வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெற வைத்தவர்கள் அவர்கள். அடுத்த மாதமே 22 சங்கங்கள் சேர்ந்து சம்யுக்த் சமாஜ் மோர்ச்சா என்று தேர்தலுக்குக் கிளம்பின. 2022 சட்டமன்றத் தேர்தலில் ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. அதன் தலைவர் பல்பீர் சிங் ராஜேவால்கூட சம்ராலா தொகுதியில் டெபாசிட் இழந்தார்.

கர்நாடகத்தில் விவசாய சங்கத் தலைவர் புட்டண்ணய்யா ஜெயிக்கவில்லையா, 2023-ல் மேல்கோட்டையில் அவர் மகன் ஜெயிக்கவில்லையா என்று கேட்பீர்கள். சரி, ஜெயித்தார்கள். ஒரே மண்ணில் முப்பது வருடம் ஊர் ஊராக உழைத்த குடும்பம் அது. மகன் நின்றபோது காங்கிரஸ் வேட்பாளரையே நிறுத்தவில்லை. நமக்கு அப்படி ஒரு தொகுதி இருக்கிறதா, சொல்லுங்கள்.

சங்கம் என்றால் என்ன என்பதை எங்கள் ஊர் பார்த்திருக்கிறது. கடனுக்காகக் கிணற்று மோட்டாரை ஜப்தி செய்ய வந்த நாளில் திமுக வீடு, அதிமுக வீடு, காங்கிரஸ் வீடு எல்லாவற்றிலிருந்தும் ஆட்கள் ஓடிவந்து கிணற்றைச் சுற்றி நின்றார்கள். மோட்டார் கிணற்றிலேயே இருந்தது. நீங்கள் ஒரு சின்னத்தோடு ஓட்டுக் கேட்டு வந்த பிறகு, அவர்களில் எத்தனை பேர் அதே கிணற்றடிக்கு வருவார்கள்?

கோபத்தோடுதான் இதையும் சொல்கிறேன், மன்னியுங்கள். நாயுடு போன பிறகு ஒரு சங்கம் எத்தனை சங்கமாக உடைந்தது என்பதை எண்ணுவதைக்கூட நாங்கள் நிறுத்திவிட்டோம். ஒரே மஞ்சளுக்கு, ஒரே வாய்க்கால் தண்ணீருக்கு நான்கு சங்கம் நான்கு மனு கொடுக்கிறது. வாங்கி வைக்கிற அதிகாரிக்கு அது எவ்வளவு வசதி! கட்சி என்று ஆனதும் ஒரு சீட்டுக்காகப் பெரிய கட்சியின் வாசலில் நிற்க வேண்டிவரும். அந்த வாசலில் பச்சைத் துண்டை நான் பார்க்க வேண்டாம்.

தெலங்கானாவின் நிஜாமாபாத் தொகுதியில் 2019 மக்களவைத் தேர்தலில் 178 விவசாயிகள் மஞ்சள் வாரியம் கேட்டுச் சுயேச்சைகளாக நின்றார்கள். கட்சி தொடங்கவில்லை, சீட்டுப் பேரம் பேசவில்லை. வாரியம் 2025 ஜனவரியில் அங்கே திறக்கப்பட்டது. ஈரோட்டு மஞ்சள்காரன் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

அதனால் பணிவோடு கேட்கிறேன். கட்சிப் பதிவுத் தீர்மானத்தை நிறுத்தி வையுங்கள். அதற்கு முன் மற்ற சங்கத் தலைவர்களை ஒரு நாள், ஒரே பந்தலுக்குக் கீழ் அழைத்துப் பேசுங்கள். பந்தல் செலவில் என் பங்கை நான் தருகிறேன். அப்பாவின் துண்டைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்காருகிறேன்.

இப்படிக்கு,
மொடக்குறிச்சிப் பக்கத்துச் சங்க உறுப்பினர் ஒருவன்