பிசுமத் பெரைற்று இரும்பை இழுக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் அறிவியல் பக்கத்தில் மல்டிபெரோயிக் பளிங்குகள் (மின் ஒழுங்கும் காந்த ஒழுங்கும் ஒருங்கே கொண்டவை) பற்றி வெளிவந்த கட்டுரை, பிசுமத்தும் இரும்பும் ஒட்சிசனும் சேர்ந்த பிசுமத் பெரைற்றை 'மின்னேற்றம் தாங்கிய காந்தம்' என்று குறிப்பிட்டிருந்தது. வெள்ளவத்தையில் என்னிடம் உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் மாணவி ஒருத்தி அந்தப் பக்கத்தை வெட்டியெடுத்து வந்து, "சேர், அப்படியெண்டால் இது பிறிட்ஜ் கதவில ஒட்டுமோ?" என்று கேட்டாள். ஒட்டாது.

முதலில், அங்கே இருப்பது மின்னேற்றம் அன்று, முனைவாக்கம். அயன்கள், அதாவது மின்னேற்றம் கொண்ட அணுக்கள், தத்தம் சமச்சீர் இடங்களிலிருந்து சற்றே விலகி நிற்பதால் பளிங்கின் ஒரு முனை நேர்மின் முனையாகவும் மறுமுனை எதிர்மின் முனையாகவும் அமைகின்றன. மின்புலத்தைத் திருப்பினால் அவ்விலகலும் திரும்பும். இந்த இயல்புக்கு 'அயமின்' ('அயம்' என்றால் இரும்பு) என்று பெயரிட்டிருப்பதால் அதில் இரும்பு இருந்தாக வேண்டும் என்றும் பிள்ளைகள் எண்ணிவிடுகிறார்கள். 1920 இல் பௌதிகவியலாளர் வலசெக் இதனை முதலில் கண்ட ரோஷெல் உப்பில் இரும்பே இல்லை. நம் அடுப்படி கேஸ் லைட்டரில் பொறி பறக்கச் செய்யும் துண்டிலும் இருப்பவை ஈயம், சிர்க்கோனியம், தைத்தானியம் ஆகியவற்றின் ஒட்சைட்டுகளே.

பிசுமத் பெரைற்றில் முனைவாக்கத்தைத் தருபவை பெரும்பாலும் பிசுமத் அயனின் தனிச்சோடி இலத்திரன்கள் (பிணைப்பில் சேராத இலத்திரன் சோடி). காந்த ஒழுங்கு இரும்பு அயன்களுக்குரியது. அடுத்தடுத்த இரும்பு அயன்களின் காந்தத் திருப்பங்கள் (ஒவ்வோர் அயனும் ஒரு சிறு காந்தம் போல் கொண்டுள்ள திசையும் வலுவும்) எதிரெதிராக நின்று ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. போதாக்குறைக்கு, அவ்வொழுங்கு ஏறத்தாழ 62 நனோமீற்றருக்கு ஒரு முழுச்சுற்றாக மெல்லத் திரும்பிக்கொண்டே செல்வதால், எஞ்சக்கூடிய சொற்ப காந்தமும் மறைந்துவிடுகிறது. இந்தக் காந்த ஒழுங்கு ஏறத்தாழ 370 பாகை செல்சியசில் குலைந்துவிட, முனைவாக்கமோ 800 பாகைக்கு மேலும் நிலைத்திருக்கிறது. இரண்டும் வெவ்வேறு அயன்களில் பிறப்பதால், ஒன்றைக் கொண்டு மற்றதைத் திருப்புவது இலகுவான காரியம் அன்று.

கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்துசென்ற இன்னொரு மல்டிபெரோயிக் பளிங்கான தெர்பியம் மங்கனைற்று இதற்கு நேர்மாறானது. 2003 இல் யப்பானிய பௌதிகவியலாளர்களான கிமுராவும் தொக்குராவும் அவர்களது குழுவினரும் காட்டியபடி, ஏறத்தாழ 28 கெல்வினுக்கு (−245 பாகை செல்சியஸ்) கீழே அதன் காந்தத் திருப்பங்கள் சுருளாக ஒழுங்குபடும்போது அச்சுருளே முனைவாக்கத்தை உண்டாக்குகிறது. காந்தப்புலத்தைப் பிரயோகித்தால் முனைவாக்கத்தின் திசை 90 பாகை திரும்பிவிடுகிறது. ஆனால் அதன் அளவு பிசுமத் பெரைற்றினதில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். அறை வெப்பநிலையில் வலிய முனைவாக்கமும் காந்தத்தோடு இறுகிய பிணைப்பும் ஒரே பளிங்கில் கிடைப்பது ஏன் அரிது என்பதை விளக்கியிருக்க வேண்டிய இடம் அதுவே.

அடுத்த இதழில் 'மின்னேற்றம்' என்பதை 'முனைவாக்கம்' என்று திருத்தி ஒரு வரி வெளியிட்டால், பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.