‘யாரால்?’ என்று கேட்டவருக்கு

பணியிடத்தில் நேர்ந்த பாலியல் தொல்லை பற்றி நான் கொடுத்த புகாரில், அதை விசாரித்த அலுவலகக் கமிட்டியின் முடிவு நேற்று மாலை கைக்கு வந்தது. என்ன நடந்தது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. பெயர்களையும் எழுதப்போவதில்லை. 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. நன்றி சொல்லத் தடையில்லை.

முதலில் எங்கள் நாளிதழின் பிழை திருத்தும் பிரிவு ஐயாவுக்கு.

விசாகா கமிட்டி என்று நாங்கள் சொல்லும் அந்தக் கமிட்டிக்கு எழுதிய புகாரை அதுவரை யாரிடமும் காட்டவில்லை. ஒற்றுப்பிழை இருந்தால் அதை வைத்தே என்னை மட்டம் தட்டிவிடுவார்களோ என்று பயந்துதான், இரவுப் பதிப்பு போனபிறகு அவர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்து, மூன்று பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். இரண்டு இடத்தில் ஒற்றுப் போட்டார். என் வாக்கியங்களெல்லாம் ‘ப்பட்டது’, ‘ப்பட்டேன்’ என்றே முடிந்திருந்தன. அந்த இடங்களில் எல்லாம் சொல் விட்டுப்போனதைக் காட்டும் கூரைக் குறி, சிவப்பு மையில். ஓரத்தில் ‘யாரால்?’ ஒன்பது முறை.

“நான் கேக்கலம்மா. வாக்கியம் கேக்குது” என்றார். பேனாவை என் பக்கம் நகர்த்திவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். ஒன்பது இடத்திலும் அந்தப் பெயரை எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை அங்கேயே நின்றுகொண்டிருந்தார். கடைசி பஸ் போயிருந்தது.

துணிந்து சாட்சி சொன்னவர்களுக்கும், சட்டத்தைப் பொறுமையாக விளக்கிய வழக்கறிஞர் அக்காவுக்கும், விசாரணை நாட்களில் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட நாத்தனாருக்கும், “இதையெல்லாம் ஏன் வெளியே சொன்னே?” என்று ஒருநாளும் கேட்காத அம்மாவுக்கும் நன்றி. பன்வாரி தேவிக்கும். 1992இல் ராஜஸ்தான் கிராமத்தில் தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை அவர் வாய்திறந்து சொன்னார். 1995இல் விசாரணை நீதிமன்றம் அவர் சொன்னதை ஏற்கவில்லை. ஆனால் அவருக்கு நேர்ந்ததை முன்வைத்துத் தொடுத்த வழக்கில்தான் 1997இல் பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிராக உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பு வந்தது, பிறகு இந்தச் சட்டம். அவருக்குக் கிடைக்காத நீதிதான் எனக்குப் பிடிமானம் ஆனது.

அந்தச் சிவப்புக் குறிகள் என்னைத் தூங்கவிடவில்லை. ‘மாணவிக்குப் பாலியல் தொல்லை’, ‘இளம்பெண் பலாத்காரம்’ என்று எத்தனை தலைப்பு நானே வைத்திருக்கிறேன்! செய்தவன் எந்தத் தலைப்பிலும் இல்லை. இதழியல் வகுப்பில் முதல் கேள்வியே ‘யார்?’ என்பதுதான். அதற்குப் பதிலாக எப்போதும் அந்தப் பெண்ணின் வயதையும் ஊரையுமே எழுதிப் பழகியிருக்கிறோம்.

சனிக்கிழமைகளில் நான் பாடம் எடுக்கும் துறையில் பாலினச் சமத்துவம் கடைசி அலகு. தேர்வுக்கு முந்தின வாரம் அவசரமாக ஓட்டி முடிப்பேன். இனி முதல் வகுப்பே அதுதான். அன்றைய நாளிதழின் குற்றச்செய்திப் பக்கத்தையும் ஆளுக்கொரு சிவப்புப் பேனாவையும் கொடுக்கப்போகிறேன்.

ஐயா, அடுத்த மாதம் நீங்கள் ஓய்வு பெறுகிறீர்கள். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை அந்த ஸ்கேலை எடுத்துக்கொண்டு எங்கள் வகுப்புக்கு வர வேண்டும். திரும்பிப் போக வண்டிக்கு நான் பொறுப்பு.